எட்டில் எழும்பியவன்

யோசெப்பரோடு மழையைப் பற்றிக் கதைக்கலாம், மாதாவைப் பற்றிக் கதைக்கலாம், இந்த வருசம் ஏன் இறால் படவில்லை என்று கதைக்கலாம். பொக்சிங்கைப் பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அன்றைய பொழுது போச்சு. கையில் இருக்கும் வலையைக் கீழே போட்டுவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டி, இடது காலை முன்னுக்கு வைத்து, "இஞ்சை பார், இப்பிடித்தான் நிக்கவேணும்" என்று தொடங்கிவிடுவார். ஐம்பத்து நாலு வயது மனிதர் கடற்கரையில் நின்று காற்றோடு சண்டை பிடிப்பதைப் பார்த்து ஊர் நாய்கள்கூடக் குரைப்பதை விட்டுவிட்டன.

முல்லைத்தீவுக்குத் தெற்கே, கடலுக்கும் களப்புக்கும் நடுவில் கிடக்கிற வேதக்காரர் ஊர் அது. யோசெப்பர் அங்கேயே பிறந்து, அங்கேயே ஞானஸ்நானம் பெற்று, தகப்பன் செய்த தொழிலுக்கே வந்தவர். இளந்தாரி வயதில் ஆறு வருசம் மட்டும் திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். அங்கே மேற்பார்வைக்கு இருந்த ஒரு பறங்கி, பின்னேரங்களில் பெடியங்களைச் சேர்த்துப் பொக்சிங் பழக்கினார். யோசெப்பர் ஏழு தரம் றிங்குக்குள் ஏறினார். நாலில் வென்றார், இரண்டில் தோற்றார், ஒன்று சமம். ஊருக்குத் திரும்பும்போது வளைந்த மூக்கும் ஒரு சோடித் தோல் கையுறையும் கொண்டுவந்தார். கூடவே ஒரு சட்டமும் கொண்டுவந்தார்: விழுந்தவனை அடிக்கக் கூடாது, பத்து எண்ணுமட்டும் விலகி நிற்கவேண்டும்.

"ஏழு சண்டைக்கு இவ்வளவு கதையெண்டால், எழுபது பிடிச்சிருந்தால் நான் காது செவிடாகித்தான் செத்திருப்பன்" என்பாள் அவருடைய மனைவி மரியமலர். பிள்ளைகள் இல்லாத வீடு. அந்தக் கதைகளைக் கேட்க அவள் ஒருத்திதான் என்றிருந்த காலத்தில், யோசெப்பரின் தோணிக்குத் தொழிலுக்கு வந்தான் றொமேஸ்.

றொமேஸுக்கு அப்போது முப்பது வயதுக்கு மேல். கலியாணம் முடித்து, றஞ்சனி என்று மனைவியும் கம்சா என்று ஒரு மகளும் இருந்தார்கள். தோள் அகலமான, வாய் அதிகம் திறவாத மனிதன். தோணியில் தண்டு வலிக்கும்போது யோசெப்பர் திருகோணமலைக் கதையைத் தொடங்கினால், முந்தின நாள் கேட்டதையே புதிதாகக் கேட்பதுபோலக் கேட்பான். இது போதாதா? மூன்று மாதத்தில் கரையில் இரண்டு பேரும் கையுறை மாட்டி நின்றார்கள். றொமேஸின் இடது கை நல்ல வேகம். "உவன் இருபது வயசிலை என்ர கையிலை கிடைச்சிருக்கவேணும்" என்று யோசெப்பர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு தொடக்கத்தில்தான் ஐயாத்துரையரின் படக்கொட்டில் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த மனிதர். மற்றச் சனம் பானை சட்டியோடு வர, இவர் உழவு இயந்திரப் பெட்டியில் ஒரு ரீவியும் டெக்கும் சின்ன எஞ்சினும் கொண்டுவந்து சேர்த்தார். யுத்தத்தால் எட்டு வருசமாகக் கரண்ட் இல்லாத ஊரில், இயக்கத்திடம் அனுமதி எடுத்து, மண்ணெண்ணெயில் எஞ்சினை ஓடவிட்டு, பின்னேரத்தில் படம் போட்டார். வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்களே, ஐயாத்துரையருக்கு இருந்த வாய்க்கு வங்காளத்தையும் தாண்டிப் போயிருக்கலாம்.

கனடாவிலிருந்து யாருக்கோ வந்த சாமான்களோடு இரண்டு கசெற் அவர் கையில் சேர்ந்தன. ஒன்று பொக்சிங். மற்றது என்னவென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எட்டு மூலைக் கம்பிக்கூடு ஒன்றுக்குள் இரண்டு பேரை விட்டுப் பூட்டினார்கள். ஒருவன் குத்தினான், மற்றவன் காலால் உதைத்தான், பிறகு இரண்டு பேரும் கட்டிப்பிடித்து விழுந்து நிலத்தில் உருண்டார்கள். மேலே கிடந்தவன் கீழே கிடந்தவனின் கையை முறுக்கினான். கீழே கிடந்தவன் உள்ளங்கையால் நிலத்தில் மூன்று தரம் தட்டினான். உடனே நடுவர் பாய்ந்து இழுத்துவிட்டார். இரண்டு பேரும் எழும்பிக் கட்டித் தழுவினார்கள். முடிந்தது. சனம் அதற்குக் கம்பிக்கூட்டுச் சண்டை என்று பேர் வைத்தது.

யோசெப்பருக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"உதென்ன சண்டை? கூடைக்குள்ளை போட்ட ரெண்டு நண்டு மாதிரிக் கிடந்து பிராண்டுறாங்கள். முன்னுக்கு இருக்கிறவனுக்கே எது ஆற்றை கால் எண்டு தெரியேல்லை, பின்னுக்கு இருக்கிறவன் என்னத்தைப் பாக்கிறது? பொக்சிங்கெண்டால் ரெண்டு பேரும் நிப்பாங்கள். கடைசி வரிசையிலை நிக்கிற குருடனுக்கும் விளங்கும். காலைப் பாருங்கோ, அந்த நடையைப் பாருங்கோ, அதுக்குத்தானே சனம் வாறது!"

ஐயாத்துரையர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "யோசெப்பர், நான் ரெண்டையும் பத்துத் தரம் பாத்திட்டன். உங்கட பொக்சிங் வடிவுதான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் உதிலை சீவியம் போகும். இதிலை ஏலாதெண்டால் தட்டுறான், விடுறாங்கள், ரெண்டு பேரும் வீட்டை போய்ச் சாப்பிடுறாங்கள். எது மனிசச் சண்டை?"

"விழுந்தவனை ஏறியிருந்து அடிக்கிறது மனிசச் சண்டையோ?"

"விழுந்தவனை அடிக்கக் கூடாது எண்டுறியள். சரி. விழுந்தவனை எழுப்பி எழுப்பி அடிக்கலாமோ?"

கொட்டில் முழுக்கச் சிரித்தது. யோசெப்பருக்கு முகம் கறுத்துப் போனது. அவர் எழும்பி நின்று, சனத்தைப் பார்த்துச் சொன்னார்: "ஆம்பிளை எண்டால் பத்துக்கு முன்னம் எழும்புவான். கையாலை தட்டிக் கெஞ்சிறவனைப் பாக்கவோ நீங்கள் வாறனீங்கள்?" இப்போது சிரிப்பு இந்தப் பக்கம் திரும்பியது. பக்கத்தில் இருந்த றொமேஸும் சிரித்தான். "அண்ணை சொன்னது சரி" என்றான்.

அந்தக் கிழமை முழுக்க ஊர் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. கிணற்றடியில், கருவாடு காயப்போடுகிற இடத்தில், கோயில் மதிலடியில், எங்கே பார்த்தாலும் பொக்சிங்கா கம்பிக்கூடா என்ற வாக்குவாதம்தான். செல் விழுகிற கதையையும் வெளியே போகப் பாஸ் எடுக்கிற கதையையும் விட்டுச் சனம் வேறொன்றைக் கதைத்தது நல்லதுதான். ஆனால் யோசெப்பருக்கு அது காணாது, போதவே போதாது. அவருக்கு வெல்லவேண்டும். ஆனி மாதத் திருநாளுக்கு விளையாட்டுப் போட்டி வைக்கிற பெடியங்களிடம் போய், கயிறு இழுத்தலோடு பொக்சிங்கும் வைக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். "சனம் நேரிலை ஒருக்கால் பாக்கட்டும். பேந்து ஐயாத்துரையர் தன்ர கம்பிக்கூட்டைக் கோழிக்கு வைக்கட்டும்."

எங்கள் பக்கத்துக்கு றொமேஸ். எதிராளியாக முத்தையன்கட்டுக் குடியேற்றத்திலிருந்து சுஜிதன் என்று ஒரு கமக்காரப் பெடியனைப் பிடித்தார்கள். மண்வெட்டி பிடித்துப் பிடித்து அவன் கை உலக்கைபோல இருந்தது. கையுறைதான் பிரச்சினை. இருந்தது ஒரு சோடி. மற்றச் சோடியை யோசெப்பரே கன்வஸ் துணியில் தைத்து, இலவம்பஞ்சை அடைத்தார். இரண்டு சோடியையும் முன்னால் வைத்துக்கொண்டு, நல்ல தோல் சோடியை றொமேஸுக்கு ஒதுக்கினார். நடுவராக நிற்கப்போவதும் அவரேதான்; அப்படி நிற்கிற மனிதன் ஒரு பக்கம் சாயலாமா? தனக்குத் தனக்கென்றால் சுளகு படக்குப் படக்கென்னுமாம். தன் பிள்ளைபோல இருந்தவனுக்கு நல்லதைக் கொடுத்தார், அவ்வளவுதான். இலவம்பஞ்சு கடற்காற்றின் ஈரத்திலும் வேர்வையிலும் இறுகிக் கட்டியாகும் என்று அந்த நேரம் அவர் யோசிக்கவில்லை. தலையணை தைத்த மரியமலருக்கு அது தெரியும். அவளிடம் அவர் கேட்கவில்லை.

திருநாளன்று பின்னேரம், கோயிலுக்குப் பின்னால் இருந்த மணல் வெளியில் நாலு தடி நட்டு, வலைக்கயிறு கட்டி, றிங் செய்தார்கள். மணிக்குப் பதிலாக, மாங்குளத்துப் பக்கத்தால் பதுங்குகுழிக்கென்று யாரோ கொண்டுவந்து மிஞ்சிய தண்டவாளத் துண்டு. ஊர் முழுக்க வந்தது. முன்வரிசையில் கதிரை போட்டு ஐயாத்துரையர். அவருக்குப் பக்கத்தில் றஞ்சனியும் எட்டு வயதுக் கம்சாவும்.

முதல் சுற்று றொமேஸுடையது. இடது கையால் தொட்டுத் தொட்டு விலகினான். பெடியன் காற்றைக் குத்தினான். சனம் கூவியது. யோசெப்பர் நடுவில் நின்றுகொண்டு, பார்த்தீரா என்பதுபோல ஐயாத்துரையரை ஒருக்கால் பார்த்தார். இவ்வளவு வருசச் சீவியத்தில் அவர் அவ்வளவு சந்தோசமாக இருந்த மூன்று நிமிசம் வேறில்லை.

இரண்டாம் சுற்றில் மணல் றொமேஸின் காலைப் பிடித்தது. முப்பத்துமூன்று வயது மூச்சு, இருபத்திரண்டு வயது மூச்சோடு ஓடமுடியுமா? சுஜிதனின் வலது கை இரண்டு தரம் அவன் இடது கண்ணில் போய் இறங்கியது. சத்தம் பஞ்சுச் சத்தமாக இல்லை. யோசெப்பர் அதைக் கேட்டார். கேட்டும் சண்டையை விட்டார்.

மூன்றாம் சுற்றில் றொமேஸ் விழுந்தான். யோசெப்பர் எண்ணினார். ஐந்தில் எழும்பினான். சனம் ஆர்ப்பரித்தது. திரும்ப விழுந்தான். இந்தமுறை யோசெப்பரின் காலடியிலேயே, முகம் மணலில் புதைய விழுந்தான். அவர் குனிந்து எண்ணத் தொடங்கினார். ஒன்று. இரண்டு. மூன்று.

நாலு என்று சொல்லும்போது றொமேஸின் கை அவருடைய வலது பாதத்தின்மேல் வந்தது. கையுறை போட்ட கை. ஒருதரம் தட்டியது. இரண்டுதரம். மூன்றுதரம். தவறிப்பட்ட கை இல்லை அது. குனிந்து நின்ற யோசெப்பரின் உடம்பு மறைத்ததில், சனத்தில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

யோசெப்பருக்கு விளங்கியது. தெளிவாக, ஒரு சொட்டுச் சந்தேகமும் இல்லாமல் விளங்கியது. ஏலாது அண்ணை, விடுங்கோ என்றுதான் அந்தக் கை சொன்னது. கையை உயர்த்திச் சண்டையை நிற்பாட்ட ஒரு கணம் போதும். ஆனால் அந்தக் கணத்தில் அவர் தலையைத் தூக்கினார். முன்வரிசையில் ஐயாத்துரையரின் முகம் தெரிந்தது. தட்டியதற்காக நிற்பாட்டினால் அந்த மனிதன் வென்றுவிடுவான், கொட்டில் முழுக்கச் சிரிக்கும், பொக்சிங் தோற்றுப்போகும். இவ்வளவுதான் அவர் நினைத்தது. வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அந்தோனியாரே, ஒரு மனிதனின் கண்ணுக்கு எதிராக அவர் தராசில் வைத்தது இதைத்தான்.

"எழும்படா" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "எழும்பு. பொம்பிளைப்பிள்ளை பாத்துக்கொண்டு நிக்கிறாள்." பிறகு எண்ணிக்கையை இழுத்தார். ஐ...ந்து. ஆ...று. ஏ...ழு. எட்டில் றொமேஸ் எழும்பினான். சனம் எழுப்பிய சத்தத்தில் கோயில் மாமரத்துக் காகமெல்லாம் கிளம்பியது. கம்சா கதிரையில் ஏறி நின்று, "அப்பா! அப்பா!" என்று கத்தினாள். சுஜிதன் கையைத் தாழ்த்தி யோசெப்பரைப் பார்த்தான். "ஐயா, காணுமோ?" என்று கேட்டான். பாருங்கள், எதிராளிக்கு வந்த இரக்கம் எங்கள் யோசெப்பருக்கு வரவில்லை. அவர் கையை விசுக்கி, "சண்டை!" என்றார்.

ஒரு குத்துத்தான். அதே கண்.

கண்ணுக்குள்ளே படலம் கழன்றுவிட்டது, கெதியாக வவுனியாவுக்குக் கொண்டுபோனால் பார்க்கலாம் என்றார் டொக்டர். கெதியாகவாம்! மாங்குளம் பாதை பூட்டிக் கிடந்தது. மன்னார்ப் பக்கத்தால் சுற்றித்தான் போகவேண்டும். போவதற்கு இந்தப் பக்கம் இயக்கத்தின் பாஸ் வேண்டும், பாஸுக்குப் பிணை நிற்க ஆள் வேண்டும், அந்தப் பக்கம் ஆமியின் தடுப்பில் இருந்து விசாரணை முடியவேண்டும். யோசெப்பரே பிணை நின்றார். பாஸ் கந்தோர் வாசலில் ஏழு நாள் கிடந்தார். றொமேஸ் போய்ச் சேர இருபத்துநாலு நாள் ஆனது. பிந்திவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

வந்தவனைப் பார்க்க ஊர் திரண்டது. யோசெப்பர் வேலியோரம் நின்றார். யாரோ கேட்டதற்கு, றொமேஸ் மெல்லச் சொன்னான்: "எனக்கு அந்தக் கடைசி நேரம் ஒண்டும் ஞாபகமில்லை. முதல் விழுந்தது தெரியும். பேந்து ஆசுபத்திரிதான்."

யோசெப்பரின் நெஞ்சுக்குள் இருந்த கல் அந்த இடத்திலேயே இரண்டு மடங்கானது. அவனுக்கே தெரியாது. அப்படியென்றால் அந்த மூன்று தட்டு உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். திட்டுவதற்கு ஒருவரும் இல்லை. அடிப்பதற்கும் ஒருவரும் இல்லை. ஒருவன் காறித் துப்பியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஐயாத்துரையர் இரண்டு கசெற்றையும் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டு வந்து அவர் கையைப் பிடித்தார். "யோசெப்பர், நான் உங்களைச் சீண்டியிருக்கக் கூடாது. பிழை என்ரதுதான்." மனிதன் கண் கலங்கி நின்றான். அதற்கு யோசெப்பர் என்ன சொல்வது? "பரவாயில்லை" என்றார்! பரவாயில்லையாம். அந்தச் சொல்லை நினைத்து இரவெல்லாம் புரண்டார்.

அதன்பிறகு அவர் செய்யாதது என்ன? றொமேஸின் கூரைக்குக் கிடுகு அவர்தான் வேய்ந்தார். கடலால் வந்ததும் முதல் மீன் கோர்வை றொமேஸ் வீட்டுக்குத்தான் போகும். ஒற்றைக் கண்ணோடு றொமேஸ் தோணிக்கு வந்து பார்த்தான். அலைக்கும் தோணிக்கும் தூரம் பிடிபடவில்லை. எறிகிற கயிறு கைக்கு எட்டாமல் போனது. கரையில் இருந்து கிழிந்த வலை பொத்துகிற வேலையை யோசெப்பர் அவனுக்கென்றே ஒழுங்கு செய்தார். "அண்ணை இல்லாட்டி நாங்கள் என்ன ஆகியிருப்பம்" என்று றஞ்சனி ஒவ்வொரு தரமும் சொல்வாள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் யோசெப்பருக்கு முகத்தில் குத்து விழுவதுபோல இருக்கும்.

கம்சா வேறு. பள்ளிக்கூடத்தில் பெடியங்கள், "ஒற்றைக்கண்ணன்ர மகள்" என்று பழித்தால், அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "எங்கட அப்பா எட்டு எண்ணேக்கை எழும்பினவர். உன்ர அப்பா எழும்புவாரோ?" என்று கேட்பாள். கொஞ்சக் காலத்தில் பெடியங்கள் பழிப்பதை விட்டு, அந்தக் கதையைச் சொல்லும்படி அவளையே கேட்கத் தொடங்கினார்கள். யோசெப்பர் ஒருநாள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்டார். அது பொய் என்று மட்டும்தான் அவருக்குப் பட்டது. அந்தப் பொய்யை ஒரு வீடு சாய்ந்து நிற்கிற தூணாக அவர் பார்க்கவில்லை. குற்றம் செய்தவனுக்குத் தன் குற்றத்தைத் தவிர வேறொன்றும் கண்ணுக்குத் தெரியாதே.

திருநாளுக்குப் பிறகு அவர் நன்மை எடுக்கவில்லை; பாவத்தோடு நற்கருணை வாங்கலாமா? பூசையில் வரிசை எழும்பி முன்னுக்குப் போகும்போது வாங்கிலேயே இருப்பார். மரியமலர் பத்து மாதம் பொறுத்தாள். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின பெரிய கிழமை வந்தது.

"இஞ்சருங்கோ, பாஸ்காவுக்கும் எடுக்காமல் இருந்தால் சனம் என்ன நினைக்கும்? என்ன பாவமெண்டாலும் பாதரிட்டைப் போய்ச் சொல்லுங்கோவன்."

இரண்டு தரம் பாவசங்கீர்த்தன வரிசையில் போய் நின்றார். இரண்டு தரமும் தன் முறை வர ஒரு ஆள் இருக்கும்போது விலகி வந்துவிட்டார். கண்ணை இழந்தவனிடம் சொல்லாததைக் கடவுளிடம் சொல்லி என்ன வரப்போகிறது என்று அவருக்குப் பட்டது. அவனிடம் சொல்லவேண்டும். அவன் வெறுத்தால் வெறுக்கட்டும், ஏசினால் ஏசட்டும். சொல்லிவிட்டால் இந்தக் கல் இறங்கும், ஞாயிற்றுக்கிழமை வரிசையோடு எழும்பலாம். இப்படித்தான் மனிதர் தன் மனதில் ஒழுங்கு பண்ணினார். அந்த ஒழுங்கில் றொமேஸுக்கு என்ன வரும் என்ற கேள்விக்கு இடமே இருக்கவில்லை.

பெரிய வியாழன் பின்னேரம் போனார். றொமேஸ் முற்றத்து வேம்பின் கீழே வலை பொத்திக்கொண்டிருந்தான். கம்சா பக்கத்தில் பாயில் படுத்துக் கிடந்து பாடம் எழுதினாள். றஞ்சனி குசினிக்குள்ளிருந்து, "அண்ணை, இருங்கோ, தேத்தண்ணி கொண்டுவாறன்" என்றாள்.

யோசெப்பர் இருக்கவில்லை. நின்றபடியே தொடங்கினார். "றொமேஸ், நான் உன்னட்டை ஒரு கதை சொல்லவேணும். பத்து மாசமா நெஞ்சுக்குள்ளை கிடக்குது."

றொமேஸின் கை நின்றது. "என்ன அண்ணை?"

"அண்டைக்கு றிங்குக்குள்ளை..."

"பழைய கதை அண்ணை. விடுங்கோ."

"இல்லையடா, கேள். உனக்கு ஞாபகமில்லை. எனக்கு ஞாபகம் இருக்கு."

"அண்ணை, கம்சா இருக்கிறாள்."

"இருக்கட்டும். அவளுக்கும் தெரியத்தான் வேணும், நான் எப்பிடிப்பட்ட மனிசன் எண்டு." யோசெப்பருக்குக் குரல் உடைந்துவிட்டது. திறந்த மடை, இனி யார் பூட்டுவது?

"காணும் அண்ணை" என்றான் றொமேஸ்.

"ரெண்டாந்தரம் நீ விழுந்தாய். என்ர காலடியிலை..."

"காணும்."

"நீ கையாலை என்ர காலிலை மூண்டு தரம் தட்டினனி. கம்பிக்கூட்டுக் கசெற்றிலை தட்டுற மாதிரி. ஏலாது, விடுங்கோ எண்டு கேட்டனி. எனக்கு விளங்கினது. விளங்கியும் நான் நிப்பாட்டேல்லை. அந்த ஐயாத்துரையனிட்டைத் தோக்கக் கூடாதெண்டு, உன்னை ஏசி எழுப்பி விட்டனான். உன்ர கண்ணைத் திண்டது சுஜிதன் இல்லை, நான்." சொல்லி முடித்துவிட்டு, சின்னப்பிள்ளைபோல விம்மி விம்மி அழுதார். குசினி வாசலில் றஞ்சனி தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றாள்.

கம்சா பாயில் எழும்பி இருந்தாள். அவள் யோசெப்பரைப் பார்க்கவில்லை. தகப்பனைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்கள் விடச்சொல்லிக் கேட்டனீங்களோ?"

றொமேஸ் தலையைக் குனிந்தான். நல்ல கண் வலையில் இருந்தது. அவன் கழுத்தெல்லாம் சிவந்து வருவதை யோசெப்பர் பார்த்தார். அப்போதுதான், அந்த நிமிசத்தில்தான், தான் என்ன செய்துவிட்டேன் என்று அவருக்கு விளங்கியது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி என்று அவரைச் சொல்லலாமா? அந்த ஆண்டி கெடுத்தது வெறும் சங்கை.

"இல்லைப் பிள்ளை" என்று பதறினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தார். "பெரியப்பாவுக்கு வயசு போட்டுது, மாறிச் சொல்லிப்போட்டன். அப்பா கேக்கேல்லை. அப்பா தானாத்தான் எழும்பினவர். எட்டிலை எழும்பினவர்."

"அப்ப நீங்கள் ஏன் அழுறியள்?"

யோசெப்பர் றொமேஸின் பக்கம் திரும்பினார்.

"ஓம் பிள்ளை" என்றான் றொமேஸ். "கேட்டனான். அப்பாவுக்கு ஏலாமல் போட்டுது."

கம்சா கொப்பியை மூடினாள். பென்சிலை அதற்குள் வைத்தாள். எழும்பித் தாயைத் தாண்டி வீட்டுக்குள் போனாள். ஓடவும் இல்லை, அழவும் இல்லை. றஞ்சனி அவளுக்குப் பின்னால் போனாள். தேத்தண்ணிக் கோப்பை வாசல்படியில் இருந்தது.

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு அண்ணை" என்றான் றொமேஸ் தாழ்ந்த குரலில். "நான் தட்டேக்கை உங்கட கால்விரல் மடங்கினதும் ஞாபகம் இருக்கு. உங்களுக்கு விளங்கினதெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்."

"பேந்து ஏனடா ஒண்டும் ஞாபகமில்லை எண்டனி?"

"சொன்னால் கண் வருமோ? பிள்ளை கதிரையிலை ஏறி நிண்டு கத்தினவள். அது அவளுக்கு இருக்கட்டும் எண்டு விட்டன். கண் போனதுக்கு அந்த ஒரு கதைதான் எனக்கு மிச்சம். நீங்கள் கிடுகு வேயவும் வேண்டாம், மீன் கொண்டு வரவும் வேண்டாம், வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் காணும்."

யோசெப்பர் கையைக் கூப்பினார். "மன்னிச்சுக்கொள்ளடா."

"மன்னிச்சு எப்பவோ முடிஞ்சுது. அதுக்கே வந்தனீங்கள்?" றொமேஸ் முதல்தரம் நிமிர்ந்து, அந்த ஒற்றைக் கண்ணால் அவரை நேரே பார்த்தான். "அண்டைக்கும் கையாலை காணும் எண்டனான். இண்டைக்கும் காணும் காணும் எண்டனான். ரெண்டு தரமும் நீங்கள் உங்கட பாட்டைத்தான் பாத்தனீங்கள் அண்ணை."